ரைட்! ரைட்!

பின்புறமாகத்தான் ஏற்ற வேண்டுமாம்.

சிறிய கப்பல். வாயைப் பிளந்துகொண்டு, இரும்பு நாக்கைக் கரைமேல் நீட்டிக் காத்திருந்தது. அந்த நாக்கின் வழியே, முகம் கரையைப் பார்க்க, முதுகு கடலைப் பார்க்க, வாடகைக் காரை அவள் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

ஏற்றும்போது ஓட்டுபவர் மட்டுமே வண்டிக்குள் இருக்கலாம். உடன் வந்தவர் இறங்கி நடந்துதான் ஏற வேண்டும். அது கப்பலின் சட்டம்.

இப்படியும் ஒரு சட்டமா என்று அவள் உள்ளம் குளிர்ந்தது.

ஊரில் கார் வாங்கிய நாளிலிருந்து அவள் இறங்குவாள், கணவர் அமர்ந்திருப்பார். இன்று அவர் இறங்கினார், அவள் அமர்ந்திருந்தாள்.

காலையில், துறைமுகத்துக் காப்பிக் கடையில், எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்தபடி நடந்த பேரம் அது.

"ஏதென்ஸ்லேர்ந்து இதுவரைக்கும் கடலோர ரோடு முழுக்க நீங்களே ஓட்டியாச்சு. தீவு என்னோடதுங்க."

"சரி, தீவு உன்னோடது. கப்பல்ல நான் ஏத்திக் கொடுத்துடறேன்."

"கப்பல் எங்க போவுது? தீவுக்குத்தானே? அப்ப அதுவும் என்னோடதுதான்."

அவர் சிரித்துவிட்டார். சாவியை மட்டும் சும்மா தந்துவிடவில்லை.

"ஒரு கீறல், எழிலி. ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும். தீவு முழுக்க நான்தான். சம்மதமா?"

"விழுந்தா பாத்துக்கலாம். கொடுங்க."

பெண் விடுதலையை அவர் பேசாத மேடை இல்லை. மன்னார்குடியில் பேசுவார், மதுரையில் பேசுவார். கைதட்டல் ஓயுமுன் காரில் ஏறி வீடு வந்து சேருவார். அந்தக் காரின் கதவோரமாய் நடந்துபோய், இருபத்தெட்டு ஆண்டுகள் டவுன் பஸ் பிடித்தாள் அவள். ஆசிரியையாகப் போனாள். தலைமையாசிரியையாகவும் போனாள். ஓய்வு பெற்ற மறுவாரமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாணவியாய்ச் சேர்ந்தாள்.

உரிமம் கிடைத்தது. சாவி கிடைக்கவில்லை.

அதற்குக் கிரேக்க நாடு வரை வர வேண்டியிருந்தது.

ஏப்ரல் வெயில் இதமாய் இருந்தது. மலைச்சரிவெங்கும் சிவப்புப் பாப்பிப் பூக்கள். எலுமிச்சைப் பூவின் மணத்தைக் கடற்காற்று வாரிக்கொண்டு வந்தது. அவள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.

இரும்பு நாக்கு தடதடத்தது.

ஏறிவிட்டாள்.

தளத்தில் நரைத்த மீசையோடு ஒரு கப்பல் பணியாளர். அவளுக்கு வலப்புறம் இருந்த இடைவெளியைக் காட்டி, இரு கைகளையும் வீசிக் கூவினார்.

"ரைட்! ரைட்!"

எத்தனை காலைப்பொழுதுகளில் கேட்ட சொல்! படிக்கட்டில் தொங்கியபடி, பஸ்ஸின் வயிற்றில் தட்டி, கண்டக்டர் முழங்குகிற சொல். அந்தச் சொல்லுக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. போ என்பதொன்றே பொருள். தயங்காதே, போ.

அவள் போனாள்.

நேராக.

"ரைட்! ரைட்! ரைட்!"

முன்பின் அறியாத மனிதர் இவ்வளவு ஊக்கம் தருகிறாரே என்று நெஞ்சு நிறைந்தது. இன்னும் சற்று அழுத்தினாள்.

மேல்தளப் படியிலிருந்து ஒரு குரல் இடியாய் இறங்கியது. மேடையில் ஒலிபெருக்கியே தேவைப்படாத அவர் குரல்.

"ஹோல்டான்!"

கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. அந்தச் சொல்லுக்கு நிற்காத பஸ்ஸை அவள் கண்டதில்லை.

பின்னால், மெத்தென்று ஒரு முட்டல். கப்பலின் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பழைய லாரி டயர்.



மீசைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வந்தார். "ரைட், மேடம்," என்று கெஞ்சும் குரலில் சொல்லி, இல்லாத ஸ்டியரிங்கை வெறும் காற்றில் வலப்புறம் வளைத்துக் காட்டினார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். எதற்கென்று அறியாமலே அவரும் சிரித்தார். பிறகு மறுபடி "ரைட்" என்றார். இம்முறை அவள் சற்று முன்னே எடுத்து, வளைத்தாள். இரண்டு லாரிகளுக்கு நடுவே, பிசகாமல், கார் போய் அமர்ந்தது.

எஞ்சினை நிறுத்தினாள். சிரிப்பும் நின்றது.

டயர் மெத்தென்றுதான் இருக்கும். சங்கிலி?

சாவி உள்ளங்கையில் அழுந்தியது.

காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். வண்டிகளுக்கிடையே உடலைக் குறுக்கி நுழைந்து வந்தார். காரின் பின்னால் நின்றார். குனிந்தார்.

வெகுநேரம் நிமிரவில்லை.

கைக்குட்டையை எடுத்து ஓரிடத்தைத் துடைத்தார். எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தார். பிறகு விரல் நுனியால் அந்த இடத்தை மெல்லத் தடவினார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை.

சுற்றுமுற்றும் பார்த்தார்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது, கதவைத் திறந்து அவள் பக்கத்தில் வந்தமர்ந்தார். கைக்குட்டையைக் கறுப்புக் கறை உட்புறம் போகும்படி மடித்துச் சட்டைப் பையில் திணித்தார். எதிரே நீலம் விரிந்துகொண்டே போனது.

அவளே கேட்டாள். "கீறல் இருக்காங்க?"

அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார். நிதானமாக.

"எனக்கெங்க தெரியுது? கண்ணாடிய ஓட்டல்லயே வச்சுட்டு வந்துட்டேன், எழிலி."

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.