நிஜமாகவே இது கதையில்லை

சர்ரக்!

துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். வாசல் கதவுக்கு வெளியே, மாடிப்படி இருட்டில்.

போனில் தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பாப்பா இப்போதுதான் தூங்கியிருந்தாள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது.

'என் கதைகளைப் படித்தவர்களுக்கு நன்றி. இத்துடன் எழுதுவதை...' என்று, தான் கதை போடும் பக்கத்தில் பாதி தட்டியிருந்தாள். நன்றி சொல்லவும் ஆள் வேண்டுமே! ஒரு கதைக்கு நாலு லைக் விழுந்தால் அதில் மூன்று சொந்தக்காரர்கள். "எழுத்தாளரம்மா, ரசிகர் கூட்டம் வாசல்ல முட்டி மோதுதா?" என்று காலையில்கூட கணவன் கிண்டலடித்துவிட்டுப் போனான்.

வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

கணவனுக்குப் போன் செய்தாள். கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். சில வாரமாக ஓவர்டைம்.

அழைப்பைத் துண்டித்தான். 'வேலையா இருக்கேன்' என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது.

"பொண்டாட்டி செத்தாலும் வேலையாத்தான் இருப்பாரு!"

கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தாள். படிக்கட்டு பல்பு போயிருந்தது. கருப்பாக ஒரு முதுகு. அவ்வளவுதான் தெரிந்தது.

விடைபெறும் வரியை அழித்துவிட்டு, அவசரமாகத் தட்டிப் போட்டாள்: 'என் வீட்டு வாசலில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் குழந்தையும் மட்டும். என்ன செய்வது?'

மளமளவென்று பதில் வந்தது.

'ஆரம்பமே அசத்தல்!'

'புல்லரிக்குது. அடுத்த பகுதி எப்போ?'

'ஐயோ, நிஜமாகவே இது கதையில்லைங்க!' என்று கதறினாள்.

'இந்த உத்தி பிரமாதம் மேடம்!'

லைக் ஏறியது. பத்து, இருபது, நாற்பது. போலீஸுக்குப் போன் போடப் போன விரல், வழியில் அந்த எண்ணைப் பார்க்க நின்றது. 'சீ, என்ன ஜென்மம் நான்!' என்று திட்டிக்கொண்டே மறுபடி பார்த்தாள். ஐம்பது.

அப்போதுதான் அந்தப் பதில் வந்தது. படமில்லாத கணக்கு. பெயர் 'வழிப்போக்கன்'. அவள் எதைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து 'அப்புறம்?' என்று கேட்கிறவன். அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் இத்தனை நாள் எழுதினாள்.

'பயப்படாதே. வெளியே இருப்பது நான்தான்.'

அவள் சமையலறைக்கு ஓடிப்போய்க் கத்தியை எடுத்தாள்.

கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். "ஏய், கத்தித் தொலைக்காத. நான்தான், உன் புருஷன்."

கத்தியோடு திறந்தாள்.

"அடிப்பாவி, கதையில நான் வில்லனா?"

அவன் காலடியில் மூட்டை தூக்குகிறவர்கள் கட்டும் இடுப்பு பெல்ட். ஒட்டுப்பட்டையைப் பிரித்தால் சர்ரக் என்னும்.

"ஓவர்டைம்னு சொன்னது?"

"சும்மா. தினம் இருட்டறப்பவே வந்துடுவேன். நீ கதையைப் போடற வரைக்கும் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

"ஏன் இப்படி?"

"என் குரல் கேட்டா பாப்பா எழுந்திரிப்பா. பாப்பா எழுந்திரிச்சா உன் கதை படுத்துடும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்குக் காலையில அந்தக் கிண்டல்?"

"பாராட்டினா நீ தூங்கிடுவ. ரோஷம் வந்தாத்தான் எழுதற."

"வழிப்போக்கன்னு பேரு வேற! சொல்லியிருக்கலாம்ல?"

"புருஷன் படிச்சா வாசகர் கணக்குல சேர்ப்பியா?"

அவள் முகம் சட்டென்று வாடியது. "அப்போ... எனக்குன்னு இருந்த ஒரே வாசகனும் இல்லையா?"

அவன் அவள் கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினான். லைக் எழுபதைத் தாண்டியிருந்தது.

"இவங்கள்ல ஒருத்தர்கூட நம்ம சொந்தமில்ல. நானும் இன்னும் லைக் போடல."

உள்ளே பாப்பா "அப்பா..." என்று சிணுங்கினாள். அவன் போனான். அவளும் பதறிப் பின்னாலேயே போனாள்.

"நீ எங்க வர்ற? வாசல்ல யாருன்னு தெரியாம அங்க எழுபது பேரு தவிக்கிறாங்க. போய் அவங்களைக் கவனி."

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்தினான். மனைவியை வெளியே நிறுத்திவிட்டு, உள்பக்கமாகத் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டான்.