தலைப்பூ

அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி எடுத்துத் தரும் ரோபோவுக்குப் பொத்தானே கிடையாது. வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம். கண்ணைக் காட்டினால் போதும், எந்தக் கட்டு, யாருக்கு என்று புரிந்துகொள்ளும்.

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் தலைப்பூவத் தொடுவேன். எல்லாரும் மெஷின நிறுத்திரணும்" என்றாள் அவளோடு தைக்கும் கோகிலவாணி. முப்பது பெண்களும் சரி என்றார்கள். பக்கத்தில் துணிக்கட்டோடு நின்ற ரோபோவை யாரும் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்குப் பூ வைத்துவிட்டதே தோழி சிந்துஜாதான். "பயப்படாதீங்கக்கா, நாங்க இருக்கோம்ல."

பதினோரு மணிக்குக் கோகிலவாணி பூவைத் தொட்டாள். ரோபோ அப்படியே நின்றுவிட்டது. தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

சூப்பர்வைசர் வந்தார். "இத யாரு நிறுத்தச் சொன்னது?"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கண்கள் மட்டும் ஒரு நொடி கோகிலவாணி பக்கம் போய்த் திரும்பின. முதலில் போனது சிந்துஜாவின் கண்.

ரோபோவுக்கு அது போதும். கோகிலவாணியை நோக்கிக் கையை நீட்டியது.