கூண்டுக்கிளியின் இறந்தகாலம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் ஜன்னலோரக் கூண்டில் ஒரு கிளி இருந்தது. மாணவர்கள் 'கோ' என்று இழுத்தால், அது முந்திக்கொண்டு 'வென்ட், கான்' என்று முடித்துவைக்கும். இறந்தகாலத்தில் அது தப்பு விட்டதை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனா, "யெஸ்டர்டே ஐ கோ கொய்யாத்தோப்பு!" என்று பீற்றிக்கொண்டது.

கிளி விழுந்து விழுந்து சிரித்தது. "நேத்துப் போனதை 'வென்ட்'னு சொல்லணும்டி, மக்கு!"

"சரிங்க டீச்சர். நீங்க நேத்து எங்கே வென்ட்?"

கிளி நேற்றை நினைத்துப் பார்த்தது. நேற்றும் கூண்டு, முந்தாநாளும் கூண்டு. அன்று வைத்த பழத்தை அது தொடவே இல்லை.

மறுநாள் தண்ணீர் வைத்தவர் கூண்டுக் கதவைச் சாத்த மறந்துவிட்டார். கிளி வாசல்வரை நகர்ந்து வந்தது. தனக்குப் பறக்க வருமா என்றே அதற்குத் தெரியாது. ஆனால் இன்றும் உட்கார்ந்திருந்தால் நாளைக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தது. டீக்கடைத் தார்ப்பாயில் விழுந்து, எழுந்து, நின்றிருந்த பஸ்ஸின் கூரையில் தொற்றி, ஒருவழியாகத் தோப்பின் உச்சிக்கிளையைப் பிடித்துவிட்டது.

மாலையில் மைனா வந்ததும் கிளி அத்தனையையும் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தது. 'வென்ட்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'கோ' வந்து விழுந்தது.

"டீச்சர், 'வென்ட்'!" என்றது மைனா.

"அது கிடக்கட்டும்டி! அந்த பஸ் கிளம்பினப்புறம் என்ன ஆச்சுன்னு கேளு!"