உறை கசியும் நேரம்

எக்ஸ்ரே அறையில் கறுப்பு வயரும் சிவப்பு வயரும் ஒட்டிக் கிடந்தன. சிவப்பிடம் சிரித்துப் பேசும் கறுப்பு, மனசுக்குள் அதை வைதுகொண்டே இருக்கும். மேலே கெட்டியான ரப்பர் உறை இருக்கும்போது, உள்ளே நினைப்பது வெளியே கேட்குமென்று என்ன பயம்?

"மூச்சைப் பிடிங்க," என்றார் டெக்னீஷியன் நோயாளியிடம். கண்ணுக்குத் தெரியாத கதிர் வயர்களையும் ஊடுருவிப் போனது.

"நான் எரிஞ்சு நாசமாப் போகணுமா?" என்று சிவப்பு மெல்லக் கேட்டது.

கறுப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. உறையில் ஒரு கீறல்கூட இல்லை. "நான் வாயே திறக்கலையே."

"கதிர் படும்போதெல்லாம் உறை கசியுது. முதல் நாள்லேர்ந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அடுத்த நோயாளி வந்து நின்றார். "மூச்சைப் பிடிங்க."

இந்த முறை கறுப்பும் மூச்சைப் பிடித்ததுபோல், பயத்தில் எதையும் நினைக்காமல் கிடந்தது. அந்த அமைதியில்தான் சிவப்பின் மனசு அதற்கு முதன்முதலாகக் கேட்டது. கறுப்பின் குரலிலேயே, அத்தனை வசவுகளையும் அது ஒன்றுவிடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது.