அறுபது நிமிடச் சிறை

“பெல்ட்டைக் கழட்டு. போனைக் குடு. உள்ள போ!”

வார்டர் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான். இரும்புக் கதவு மூவரின் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தப்பட்டது. இரண்டு கட்டில், மூலையில் ஒரு வாளி, சுவர் முழுக்கக் கீறல்கள். கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் அறுபதிலிருந்து இறங்கத் தொடங்கின.

“விளையாடறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலையா?” என்று தங்கையிடம் எரிந்து விழுந்தான் ஜொம்போர்.

புடாபெஸ்டில் பூட்டிய அறையிலிருந்து தப்பிக்கும் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. இந்தச் சனிக்கிழமை காலியாக இருந்தது இது ஒன்றுதான், இருப்பதிலேயே கடினமானது. அண்ணனும் ஆகோஷும் ஒரு மணி நேரம் ஒன்றாக இருந்தால் போதுமென்று டோர்கா பதிவு செய்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவளுக்கும் ஆகோஷுக்கும் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட அவளுக்கு இருக்கும் ஒரே சொந்தம் ஜொம்போர். மூன்று வருடம் ஆஸ்திரியாவில் வேலை பார்த்துவிட்டு வசந்தத்தில்தான் திரும்பியிருந்தான். ஆகோஷைப் பார்த்த அன்றே “இவன் வேண்டாம்” என்றான். காரணம் சொல்லவில்லை.

“நேரத்துக்குள்ள வெளிய வந்துட்டா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா ஆள விடு” என்பதுதான் பேச்சு.

ஆகோஷ் மண்டியிட்டுக் கட்டில் சட்டத்தின் அடியில் விரலை ஓட்டினான். கட்டில் காலின் ரப்பர் மூடியைத் திருகினான். உள்ளே ஒரு சாவி. தலையணையின் ஓரத் தையலை நெருடிப் பார்த்துப் பிரித்தான், இன்னொன்று. வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தான்; அடியில் ஒட்டியபடி மூன்றாவது. இருபது நிமிடத்தில் நான்கு பூட்டுகளில் மூன்று திறந்துவிட்டன.

“பாத்தியாடி?” ஜொம்போர் கைதட்டினான். “எது எங்க ஒளிச்சிருக்கும்னு மாப்பிள்ளைக்கு அத்துப்படி. ஜெயிலப் பாக்காதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“அண்ணா, வாய மூடு.”

“அவனயே கேளேன்!”

டோர்காவுக்குச் சுருக்கென்றது. ‘அரசாங்க வேலை, ஷிப்ட்’ என்பதற்கு மேல் ஆகோஷ் தன் வேலையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

“சொல்லு ஆகோஷ். நீ ஜெயில்ல இருந்திருக்கியா?”

ஆகோஷ் அவளைப் பார்க்கவில்லை, ஜொம்போரைப் பார்த்தான். “வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

“பதில் வந்திருச்சு!” என்றான் ஜொம்போர். “ஒண்ணு நான், இல்ல இந்தக் களவாணி. இங்கயே முடிவு பண்ணு.”

டோர்காவின் விரல்கள் மோதிரத்தைப் பற்றின. பாதி கழற்றிவிட்டாள்.

தடியால் கதவு அதிர்ந்தது. “அறைச் சோதனை! எல்லாரும் எந்திரி!” வார்டர் வேடம் போட்டவன் உள்ளே தலையை நீட்டிக் கத்தினான். மிரட்டுவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். டோர்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் ஜொம்போர் அதற்குள் சுவரோரம் போயிருந்தான். நெற்றி சுவரில் அழுந்த, கால்கள் அகல விரிய, தலைக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளும் சுவரில் பதிந்திருந்தன. அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை.

வேடக்காரன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனான். ஜொம்போரின் கைகள் இறங்கவில்லை.

“அண்ணா... அப்போ ஆஸ்திரியா?” என்றாள் டோர்கா.

ஆகோஷ் போய் ஜொம்போரின் தோளை மெல்லத் தொட்டான்.

“கைய எறக்குங்க மச்சான். இன்னிக்கு நான் டியூட்டில இல்ல.”