முன்வரிசை

"முன்வரிசை எனக்குத்தான். யாரும் பேச்சே எடுக்காதீங்க" என்றாள் மாலதி.

சூளைக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அகிலாண்டம் தலையை வெளியே நீட்டினார். ஒரத்தநாட்டில் தையல்கடை வைத்திருப்பவர். ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து பீங்கான் வேலை கற்றுக்கொள்பவர்.

"ஏண்டி, டீச்சர் போய்ச் சேர்ந்து மூணு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள அவங்க இடத்துக்குத் துண்டு போடுறியா?"

"போடத்தான் போறேன். இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்? நம்ம ஜாடியெல்லாம் பின்னாடி இருட்டுல, அவங்களது மட்டும் தீக்கு நேரா. கேட்டா, 'அடுக்குறது என் வேலை, நீ போய் மண்ணை மிதி'ம்பாங்க."

அகிலாண்டம் சிரித்துவிட்டார். ரோஹிணி டீச்சரின் குரல் அப்படியே வந்திருந்தது.

தஞ்சாவூரைத் தாண்டி வெண்ணாற்றங்கரையில் ரோஹிணி தானே நின்று கட்டிய விறகுச் சூளை அது. டெல்லிக்கும் ஜப்பானுக்கும் காட்சிக்குப் போன அவருடைய ஜாடிகள் எல்லாம் அதில் வெந்தவைதான். விறகுச் சாம்பல் பறந்து வந்து படிந்து, உருகி, கதிர் முற்றிய வயலின் நிறத்தில் வழிந்து உறைந்திருக்கும். முன்வரிசையில் வைத்தால்தான் அந்த அழகு வரும் என்பதில் மாணவர்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வெளியே காட்டுவார். மற்றவை எங்கே என்று கேட்டால், "எனக்குப் பிடிக்கல" என்பார். அந்தக் கறாரைப் பத்திரிகைகளில்கூட வியந்து எழுதினார்கள்.

சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. மாலதியும் அதை மறுக்க மாட்டாள். சக்கரத்தில் அவள் கை நடுங்கிய நாட்களில் டீச்சர் எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவள் மூச்சோடு சேர்ந்து மூச்சுவிடுவார். நடுக்கம் தானாக நிற்கும். அவ்வளவும் கொடுத்தவர் அந்த ஒரு வரிசையை மட்டும் கொடுக்கவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறாத குறை.

"முடியாத உடம்போட கடைசி சூளையையும் அவங்களேதானேடி அடுக்கினாங்க" என்றார் அகிலாண்டம்.

"அப்பவும் முன்னால யாரோடது? அக்கா, அடுத்த மாசம் சென்னையில என் முதல் கண்காட்சி. வர்றவங்க ரோஹிணியோட மாணவின்னுதான் வருவாங்க. அவங்க ஜாடி மாதிரி எங்கிட்ட ஒண்ணாவது இருக்க வேணாமா? இன்னொரு சூளை போட நாளும் இல்ல."

அதற்கென்றே செய்த ஐந்து பெரிய ஜாடிகள் வாசலில் வரிசையாக நின்றன.

சவுக்கு விறகை இறக்கிவிட்டு டீச்சரின் கணவர் பஞ்சாபகேசன் வந்தார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணைத் தொட்டதில்லை. விறகு வாங்குவதும் எல்லோருக்கும் டீ போடுவதும்தான் அவர் பங்கு.

"சார், முன்வரிசையில இந்தத் தடவை என் ஜாடிங்கதான்" என்றாள் மாலதி. மறுத்தால் என்ன பேசுவது என்றும் யோசித்து வைத்திருந்தாள்.

அவர் அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"ஆமா சார். யாராவது வெச்சுத்தானே ஆகணும்?"

எந்த ஜாடிகள் என்றுகூட அவர் கேட்கவில்லை. "வைம்மா" என்றார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

"பாவி, மனுஷனை அழவெச்சுட்டியே" என்றார் அகிலாண்டம்.

மாலதிக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் ஐந்தையும் அடுப்பு வாய்க்கு நேராகத் தூக்கி வைத்தாள். அகிலாண்டத்தின் தட்டுகள் பின்னால் போயின.

சூளை எரிந்து, தணிந்து, ஆறியது. கதவை அடைத்திருந்த செங்கற்களை எடுத்த காலையில் மாலதிதான் முதலில் எட்டிப் பார்த்தாள்.

ஒரு ஜாடி கழுத்து மடங்கி உட்கார்ந்திருந்தது. இரண்டு வெடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மீதி இரண்டின் மேல் சாம்பல் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. அவற்றுக்குப் பின்னால் அகிலாண்டத்தின் தட்டுகள், மழையில் கழுவிய வாழையிலை மாதிரி, ஒரு கீறல் இல்லாமல்.

தன் தட்டுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட அகிலாண்டத்துக்கு மனம் வரவில்லை. "அடியே... கண்காட்சிக்கு என்னடி செய்வே?"

மாலதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "டீச்சருக்கு மட்டும் எப்படிக்கா வந்துச்சு? எனக்குக் கை போதல. அவ்வளவுதான்."

பஞ்சாபகேசன் ஒரு பாண்டுச் சட்டியோடு வந்தார். சூளைக்குள் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"சூடு ஆறிடுத்தா? இதுல எடுத்துப் போடும்மா, கொல்லைல கொட்டிடறேன்."

"சார், அஞ்சும் போச்சு சார்!"

"முன்வரிசைன்னா போகத்தானே செய்யும்? தீ நேரா வந்து மோதற இடமாச்சே. அங்க நிக்கறது அடி வாங்கிண்டாத்தான் பின்னாடி இருக்கறது பிழைக்கும். ரோஹிணியோடதுல எப்பவாவது ஒண்ணு தப்பிச்சு வந்தா அதிசயம். மிச்சத்தை நீங்கள்லாம் வரதுக்கு முன்னாடியே எடுத்து உடைச்சுக் கொட்டிடுவா. 'தெரிஞ்சா பசங்க அவாளோடதைப் பின்னாடி வைக்க ஒத்துக்க மாட்டா'ன்னு சொல்லுவா."

மாலதி எழுந்து நின்றாள்.

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு அப்பறம் அந்த இடத்துல தன்னோடதைக் கொண்டு வைக்க யாரு வரப்போறான்னு தவிச்சிண்டிருந்தேன். நீயா வந்து கேட்டியேம்மா!"