பந்தடிக்கிற பாஷை

"நிப்பாட்டுங்கோடா!"

விமலேஸ்வரி போட்ட சத்தத்தில், வத்திப்போன குளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த பெடியள் பதினொரு பேரும் அப்படியே நின்றார்கள். பந்து மட்டும் உருண்டு போய் முள்ளுப் பற்றைக்குள் விழுந்தது.

"இப்ப என்ன பாஷையில கத்தினீங்கள்?"

பெடியள் ஆளையாள் பார்த்தார்கள்.

"ஊமை வேசம் போடாதேங்கோ. நான் கண்டியில கொன்வென்ற்றில படிச்சு வளர்ந்தனான். சிங்களம் எனக்கும் விளங்கும்."

கலவரத்தில் பொலன்னறுவைப் பக்கமிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த பிள்ளைகள். இரண்டு மாதமாக விசுவமடுக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துச் சீமெந்துத் தரைதான் படுக்கை. வந்த புதிதில் ஒன்றோடு ஒன்று கதைக்கக்கூட மாட்டாதுகள். குடியேற்ற அதிகாரியான நடராசா, அவளுடைய புருஷன், மனம் கேளாமல் ஒரு உதைபந்து வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அதுகளின் முகத்தில் சிரிப்பென்று ஒன்றை ஊர் கண்டது.

எல்லாருக்கும் மூத்தவன் தவராசா. அவன்தான் மெல்ல முன்னுக்கு வந்தான்.

"வாய் பழகிப்போச்சு அம்மா."

"நல்ல பழக்கம்! உன்ர தகப்பனை வெட்ட வந்தவங்களும் இந்தப் பாஷையிலதானே கத்திக்கொண்டு வந்தவங்கள்? வெக்கம், ரோசம் ஒண்டும் இல்லையோ?"

தவராசாவின் முகம் கறுத்தது. விமலேஸ்வரி அதைக் கண்டாள். கண்டும் விடவில்லை. பிடித்ததை விடுகிற பழக்கம் அவளுக்கில்லை.

"உங்களுக்குள்ள ஒருத்தனெண்டாலும் மனுசனாயிருக்கிறானே!" அவள் விரல் ஒரு மெலிந்த பெடியனைக் காட்டியது. "பாருங்கோ, நெத்தி நிறையத் திருநீறு. வாயில ஒரு சிங்களச் சொல் வந்ததோ? சைவப் பிள்ளையெண்டால் இவன்தான்."

அந்தப் பெடியன் கண் வெட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க வரும். ஒரு சிங்களச் சொல் என்ர காதில விழுந்தால், பந்து என்ர அலுமாரிக்குள்ள போகும். பிறகு ஆயுளுக்கும் கண்ணில காட்டமாட்டன். விளங்குதோ?"

"ஓம் அம்மா."

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிப் பெடியளோடு ஆட்டம். அதில் வென்றால் பிள்ளைகளை ஊர் விளையாட்டுக் கழகத்தில் சேர்ப்பதாகவும், கழகத்துக் குடும்பங்கள் ஆளுக்கொருவராக வீட்டில் வைத்துப் பார்ப்பதாகவும் கழகத் தலைவர் மயில்வாகனத்தார் வாக்குக் கொடுத்திருந்தார். வீடு, சோறு, பாய் எல்லாம் அந்த ஒரு பந்தில்தான் இருந்தது.

அன்று குளக்கட்டு முழுக்கச் சனம்.

"இடப்பக்கம்! இடப்பக்கம்!"

"பின்னால ஆள் வாறான், விடு!"

எல்லாம் சுத்தத் தமிழ். விமலேஸ்வரிக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக் கமலாசனியின் தோளில் தட்டினாள்.

"பாத்தியே கமலாசனி? நான் குடுத்த ஏச்சில எப்பிடித் திருந்தியிருக்கிறாங்கள்!"

"அது சரியக்கா. உந்தத் திருநீறு பூசின பெடியனைப் பாருங்கோ. காதைச் சங்கத்தில கழட்டி வைச்சிட்டு வந்திட்டானோ?"

உண்மைதான். இடப்பக்கமென்று கத்தினால் அவன் வலப்பக்கம் ஓடினான். விடு என்றால் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். தவராசா கையைக் காலைக் காட்டிப் பார்த்தான். ஓடுகிற ஓட்டத்தில் கையை யார் பார்ப்பது? அவன் தவறவிட்ட பந்து ஒவ்வொன்றும் இவர்கள் பக்கத்துக் கோலுக்குள் போனது. சனம் சிரித்தது. விமலேஸ்வரியும் சிரித்தாள்.

கிளிநொச்சிக்கு மூன்று, இவர்களுக்குப் பூச்சியம்.

மயில்வாகனத்தார் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். பெடியளைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார். வீடும் சோறும் பாயும் அவரோடேயே போயின.

விமலேஸ்வரி குளத்துக்குள் இறங்கி நேரே அந்தப் பெடியனிடம் போனாள்.

"உனக்கென்ன விசரோ? கூட்டாளியள் தொண்டை கிழியக் கத்துறாங்கள், நீ பேயன் மாதிரி நிக்கிறாய்! எல்லாற்ற சோத்திலயும் மண் போட்டிட்டியே!"

அவன் விழித்தான். தவராசா ஓடிவந்து நடுவில் நின்றான்.

"அவனை ஏசாதேங்கோ அம்மா. அவனுக்கு விளங்காது."

"என்ன விளங்காது?"

"தமிழ்."

விமலேஸ்வரி அவன் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்.

"அவன்ர தேப்பன்தான் எங்களை வைக்கோல் வண்டிலுக்குள்ள ஒளிச்சுக் கொண்டந்தவர்." தவராசா குரலைத் தாழ்த்தினான். "அதுக்காக அவரைச் சொந்த ஊர்ச் சிங்களச் சனமே அடிச்சுச் சாகடிச்சிட்டுதுகள். இவனுக்கு வேற ஒருத்தருமில்லை. விட்டிட்டு வர மனமில்லை. திருநீறு நான்தான் பூசிவிடுறனான். அவனுக்கு விளங்கவேணுமெண்டுதான் நாங்கள் எல்லாரும் அந்தப் பாஷையில..."

"அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமேடா!"

தவராசா அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

குளக்கட்டில் சனம் கலைந்துகொண்டிருந்தது. விமலேஸ்வரி அந்தப் பெடியனுக்கு முன்னால் குனிந்தாள். கண்டிக் கொன்வென்ற் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த தோழிகளோடு கதைத்த அந்தச் சிங்களத்தை எங்கிருந்தோ தேடியெடுத்து, ஒருத்தருக்கும் கேட்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"மகனே, உன்ர உண்மையான பேர் என்ன?"

அவன் திடுக்கிட்டுப் பின்னால் போனான். தவராசாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு, பாடமாக்கி வைத்திருந்ததை, சொல் சொல்லாக, தமிழில் ஒப்புவித்தான்.

"நான் தமிழ்ப் பிள்ளை, அம்மா. அடிக்காதேங்கோ."